மாடு நக்கிய ரோடு

காலை எட்டே கால் மணிக்கு ஓடைப்பாக்கத்துக் கிராவல் ரோட்டில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது சின்னப்பாப்பாவின் தலை, புருவம், பல் எல்லாம் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தன.

"முசே, இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா, செங்கல்லுனு நெனச்சு என்னைச் சுவத்துல வச்சுப் பூசியிருப்பாங்க."

பின்சீட்டிலிருந்து இறங்கிய கிளோத் சிரிக்கவில்லை. நாலு வருஷத்தில் அவர் சிரித்து அவள் பார்த்தது மூன்று தடவை. அதில் ஒன்று பல் வலி என்று பிறகு தெரிந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய மனிதர்; 'சார்' என்பதற்குப் பதில் பிரெஞ்சில் 'முசே' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். முத்தியால்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். யோசிப்பது அவர் இலாகா. பேசுவதும் வண்டி ஓட்டுவதும் சின்னப்பாப்பாவின் இலாகா.

விஷயம் இதுதான். நேற்று செவ்வாய்க்கிழமை சாயந்திரம் விஜயராகவன் என்று ஒருவர் அந்த மாடிப்படி ஏறி வந்தார். அவர் மனைவி நிர்மலாதேவி, கொம்யூன் பஞ்சாயத்தில் ஜே.இ., அதாவது ஜூனியர் இன்ஜினியர். திங்கட்கிழமை காலை இந்த ரோடு வேலையைப் பார்க்க வந்தவள் வீடு திரும்பவில்லை. போலீஸில் கேட்டால் "வீட்ல சண்டையா?" என்கிறார்களாம். சொல்லிவிட்டு மனிதர் நாற்காலியில் குலுங்கிக் குலுங்கி அழுதார். கூடவே ஒரு போட்டோவும் கொடுத்தார். மஞ்சள் ஹெல்மெட், கையில் அளவு டேப், முகத்தை நிமிர்த்திக் கேமராவை முறைக்கும் ஒரு முப்பத்து நாலு வயதுப் பெண்.

அந்த ஆள் அழுததை சின்னப்பாப்பாவால் மறக்க முடியவில்லை. ராத்திரி சோறு கூட இறங்கவில்லை.

இப்போது அந்தப் பெண் காணாமல் போன இடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாள். நாலா பக்கமும் அறுத்துப்போட்ட வயல். மரம் இல்லை, கொட்டகை இல்லை, ஒளிய ஒரு புதர் இல்லை. நேராக ஒரு ரோடு, அவ்வளவுதான். ஒரு கோழி ஓடினால் கூட அரை மைலுக்குத் தெரியும். இங்கே எப்படி ஒரு ஆள் மறைந்து போக முடியும்?

ரோலரின் நிழலில் வெற்றிலை மென்று கொண்டிருந்தவர் மண்ணாங்கட்டி. ரோலர் டிரைவர்.

"ஜேயீ அம்மா திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்தாங்க சார். குச்சிய வச்சு அங்கங்க குழி நோண்டி அளந்தாங்க. காண்ட்ராக்டர் கூட என்னமோ வாக்குவாதம். நான் அந்தக் கோடியில இருந்தேன், காதுல வுழல. திரும்பிப் பாக்கறேன், அவங்க ஸ்கூட்டி நிக்குது, ஆளக் காணோம். அப்புறம் அந்த ஸ்கூட்டியையும் யாரோ எடுத்துக்கினு போயிட்டாங்க."

"காண்ட்ராக்டர் எங்கே?"

"ராஜவேலு அண்ணனா? ரெண்டு நாளா எங்கியோ சுத்திக்கினே கிறாரு. வேல அப்படியே நிக்குது. நாளைக்கு ராத்திரி புயலுங்கறாங்க, மழை வந்தா போட்ட கிராவல் பூரா கரைஞ்சுடும்."

"வேலை எப்படி நடக்கும்?" என்றார் கிளோத். மண்ணாங்கட்டிக்கு உற்சாகம் வந்துவிட்டது. தன் தொழிலைப் பற்றி அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"மொதல்ல டிப்பர் கிராவலக் கொட்டும். அப்புறம் தோ நிக்குதே மஞ்சக் கலர் வண்டி, கிரேடரு, அது பிளேடால சீவி நெரவும். நடு ரோடு மேடா இருக்கணும், ரெண்டு ஓரமும் சரியணும். அப்பத்தான் மழைத்தண்ணி நிக்காம ஓடும். பின்னாடியே டேங்கர் வந்து தண்ணி அடிக்கும். ஈரத்தோட நான் ரோலர ஏத்துவேன். ஈரம் இல்லாம உருட்டினா மாவு மாரி பறந்துடும்."

சின்னப்பாப்பா பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் வந்த வழியெல்லாம் புழுதி இன்னும் அடங்கவில்லை. ஆனால் கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் காற்று சுத்தமாக இருந்தது. அந்தத் துண்டு ரோடு மட்டும் கெட்டியாக, கருஞ்சிவப்பாகக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு சிவலைப் பசு தலையைக் குனிந்து ரோட்டை நக்கிக்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்து ஒரு அம்மாள் இழுத்தாள். பசு அசைவதாக இல்லை.

"இந்தாம்மா, நீங்க ரோட்டு ஆளுங்களா?" என்று அந்த அம்மாள் இவர்களைப் பார்த்துக் கத்தினாள். "என்னாத்தப் போட்டுத் தொலைச்சீங்க இதுல? நேத்துலேர்ந்து புல்லுல வாய வைக்க மாட்டேங்குது. கறக்க உக்காந்தா கவுத்த அறுத்துக்கினு இங்க ஓடியாருது. இந்த செல்வாம்பா மாடு எதையோ தின்னு செத்துச்சுன்னா ஒருத்தரையும் வுடமாட்டேன், ஆமா!"

சின்னப்பாப்பா பசுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். செம்மண்ணின் மேல் பூத்தாற்போல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலை ஈரமாக்கித் தொட்டு நாக்கில் வைத்தாள். கிளோத் முகத்தைச் சுளித்தார்.

"உப்பு முசே! கரிக்குது. நாலு மாடு கட்டி மேய்ச்ச வீட்ல பொறந்தவ நானு. மாடு சும்மா ரோட்ட நக்காது. உப்புன்னா உசுர வுடும்."

"ரோட்டுக்கு உப்பு போடுவார்களா?"

"நான் ரசத்துக்கே மறந்துடுவேன், ரோட்டுக்கு யாரு போடறது?"

கிளோத் புழுதி அடங்கியிருந்த அந்தத் துண்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் நடந்து அளந்தார். எண்பது காலடி. "ஒரு டேங்கர் தண்ணி எவ்வளவு தூரத்துக்கு வரும்?" என்று கேட்டார்.

"இதே தூரந்தான் வரும் சார்," என்றார் மண்ணாங்கட்டி. "ஆனா தண்ணி நம்ம ஊரு மோட்டார் கொட்டாயிலேர்ந்துதானே எடுக்கறோம்? எளநி மாரி இருக்கும்."

"முசே, இங்க வாங்க." சின்னப்பாப்பா ஓரத்துச் சரிவில் எதையோ கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். சுண்டுவிரல் நகமளவு, காய்ந்து சுருண்டு கிடந்தது. மீசை கூட இருந்தது. "எறாக் குஞ்சு. தோ இன்னொண்ணு. ரோட்டுக்கு எறா போட்டு வதக்கறது எந்த ஊரு கைப்பக்குவம்னு தெரியல."

கிளோத்தின் கண் சுருங்கியது. அப்படிச் சுருங்கினால் கிட்டே போகக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

"மண்ணாங்கட்டி, திங்கட்கிழமை அந்தப் பெண் காணாமல் போன நேரத்தில் இங்கேயிருந்து வெளியே போன வண்டி எது?"

"எதுவும் போவலியே சார். டேங்கர்தான் தண்ணிக்குப் போச்சு. முருகையன் ஓட்டறான். மணிக்கு ஒரு வாட்டி போறதுதானே, அதை யாரு கணக்குல வைப்பாங்க?"

"எவ்வளவு நேரத்தில் திரும்பினான்?"

மண்ணாங்கட்டி மெல்வதை நிறுத்தினார். "அது... அன்னிக்கு அந்த நடைக்கு மட்டும் ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. டயர் பஞ்சர்னான். இன்னிக்கும் காலைல போனான், இன்னும் வரல."

கிளோத் சின்னப்பாப்பாவைத் தனியே அழைத்தார். "உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால்தான் இந்தத் துண்டில் மட்டும் புழுதி இல்லை. பக்கத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவன் தூரமாகப் போய் உப்புத் தண்ணீர் கொண்டு வந்திருக்கிறான். ஏன்?"

"கிறுக்கு புடிச்சிருக்கணும்."

"தண்ணீருக்காக அவன் போகவில்லை, பாப்பா. வேறு எதையோ இறக்கிவிடப் போனான். காலியாகத் திரும்பினால் கேள்வி வரும். அதனால் அங்கே கிடைத்த தண்ணீரை ரொப்பிக்கொண்டு வந்தான். போகும்போது டேங்க் காலி. காலி டேங்குக்குள் என்ன வைக்கலாம்?"

சின்னப்பாப்பா தான் பார்த்த டேங்கர்களை நினைத்துப் பார்த்தாள். டேங்கர் தலையில் ஒரு வட்ட மூடி உண்டு. ஆள் இறங்கிக் கழுவுவதற்காக வைத்தது.

"உசுரோடவா முசே?"

கிளோத் ரோட்டோரம் தார்ப்பாய் போட்டு நின்ற கிரேடரின் பக்கம் போனார். ஏணியில் காலை வைத்ததும் மண்ணாங்கட்டி பதறினார். "ஐயையோ, ஏறாதீங்க சார்! ராஜவேலு அண்ணன் டிரைவரா இருந்து காண்ட்ராக்டர் ஆனவரு. அந்த சீட்ல அவரத் தவிர ஒருத்தன் உக்கார முடியாது. போன மாசம் ஒரு பையன் ஏறிட்டான்னு அறைஞ்சே போட்டாரு."

கிளோத் ஏறி உட்கார்ந்தேவிட்டார். பையிலிருந்து போட்டோவை எடுத்துப் பார்த்தார். கீழே நின்ற சின்னப்பாப்பாவைப் பார்த்தார். மறுபடி போட்டோ.

"என்ன முசே, அங்கேர்ந்து பாத்தா பாரீஸ் தெரியுதா?"

இறங்கி வந்தவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "விஜயராகவன் கேட்டால் எதுவும் சொல்லாதே."

"ஏன்?"

"அப்புறம்."

சின்னப்பாப்பாவுக்கு எரிச்சலாக வந்தது. இந்த மனுஷனுக்கு எல்லாமே அப்புறம்தான். காலையில் கிளம்பும்போதே விஜயராகவன் வாட்ஸ்அப்பில் கெஞ்சியிருந்தார். 'நீங்க எங்க தேடுறீங்கன்னு தெரிஞ்சா மனசு கொஞ்சம் ஆறும், லைவ் லொக்கேஷன் மட்டும் போடுங்கம்மா' என்று. எட்டு மணி நேரத்துக்குப் போட்டுவிட்டாள். அது சொல்வதில் சேருமா? வாயைத் திறந்து அவள் எதுவும் சொல்லவில்லையே? பாவம், பெண்டாட்டியைத் தொலைத்துவிட்டு நிற்கிறான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"மண்ணாங்கட்டி அண்ணே, டேங்கர் இறங்கித் தண்ணி எடுக்கற மாரி இங்க எறாப் பண்ணை எதுனா இருக்குதா?"

"உப்பங்கழி ஓரம் ஒண்ணு கீது. மூடி ரெண்டு வருஷம் ஆவுது. முருகையன் மச்சான்தான் வாச்மேன்." சொல்லி முடித்ததும் அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

*

பண்ணைக்குப் போகும் வழி ஒரு வண்டி போகும் அகலம்தான். இரண்டு பக்கமும் வறண்ட குட்டைகள். ஒன்றிரண்டில் மட்டும் கலங்கிய தண்ணீர். கோடியில் ஒரு ஓட்டுக் கொட்டகை, அதன் முன்னால் தண்ணீர் டேங்கர். சின்னப்பாப்பா ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் கடப்பாரையோடு ஒரு ஆள் குறுக்கே வந்து நின்றான். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் டேங்கர் சாவி; முருகையனாகத்தான் இருக்க வேண்டும்.

"கிட்ட வந்தீங்க, மண்டையப் பொளந்துடுவேன்!"

"பொளந்தா உள்ள ஒண்ணும் இருக்காது முருகையா, எங்க அம்மா கிட்ட கேட்டுப் பாரு," என்றாள் சின்னப்பாப்பா.  "நாங்க ஜேயீ அம்மாவத் தேடி வந்திருக்கோம். அவங்க புருஷன்தான் அனுப்பிச்சாரு."

கொட்டகைக்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். போட்டோவில் பார்த்த அதே முறைப்பு. உதடு மட்டும் வெடித்திருந்தது. கையிலும் முழங்காலிலும் துருக்கறை.

"யார் புருஷன்? எனக்குக் கல்யாணமே ஆகலையே!"

உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷம் சின்னப்பாப்பாவுக்கு ஒரு நொடிதான் நீடித்தது. அவள் மெதுவாக கிளோத்தைப் பார்த்தாள். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"பெண்டாட்டி போட்டோ கேட்டால் எவனும் கல்யாணத்தில் எடுத்ததைக் கொண்டு வருவான்," என்றார் கிளோத். "இவன் வேலை இடத்தில் எடுத்ததைக் கொண்டு வந்தான். அதுவும் மேலேயிருந்து எடுத்தது. இவங்க நிமிர்ந்து பார்த்து முறைக்கிறாங்க. மரம் கூட இல்லாத ஊரில் அந்த உயரத்தில் இருப்பது கிரேடர் சீட் ஒன்றுதான். அதில் ஒரே ஒரு ஆள்தான் உட்காருவான். நம்மிடம் அழுதவன் ராஜவேல்."

"கண்ணுக்குக் கீழ மச்சம் இருக்குமா?" என்று நிர்மலா கேட்டாள். சின்னப்பாப்பா தலையாட்டினாள். நிர்மலா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சு வேகவேகமாக வந்தது. சனிக்கிழமையே ரோட்டில் குழி தோண்டி அளந்தபோது கிராவலில் நத்தை ஓடு கிடைத்திருக்கிறது. குவாரியில் வெட்டிய கிராவலில் நத்தை ஓடு எப்படி வரும்? மறுநாள் ஊர் ஏரிக்குப் போய்ப் பார்த்தாள். "கரைக்கு வெளிப்பக்கம் நாலு எடத்துல அடியோட கொடைஞ்சு மண்ண எடுத்துட்டு, கருவேல முள்ள வெட்டிப் போட்டு மூடி வச்சிருக்கான். மேல நடந்தா ஒண்ணும் தெரியாது. ஏரி முக்காவாசி ரொம்பிக் கெடக்கு. நாளைக்கு ராத்திரி புயல். கரைக்குக் கீழ எரநூறு வீடு சார். அந்த நாலு எடமும் அவன விட்டா எனக்கு மட்டும்தான் தெரியும்."

திங்கட்கிழமை அவள் அதை முகத்துக்கு நேரே கேட்டதும் ராஜவேல் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு, ரோட்டின் மறு கோடியில் நின்ற ஜீப்பை எடுத்து வரப் போயிருக்கிறான். அந்த இரண்டு நிமிஷத்தில் முருகையன் டேங்கர் மூடியைத் திறந்துவிட, அவள் உள்ளே இறங்கிவிட்டாள்.

"எம் பொண்ணு வூடும் அந்த ஏரிக்குக் கீழதான் கீது," என்றான் முருகையன்.

"போலீஸுக்குச் சொல்லலையா?" என்றாள் சின்னப்பாப்பா.

"முருகையன் போன்ல என் மேலதிகாரிகிட்ட சொன்னேன். அரை மணி நேரத்துல ராஜவேல் ஆளுங்க என் வீட்டு வாசல்ல நின்னாங்களாம். அதுக்கப்புறம் யாரை நம்பறது? இன்னிக்குப் பதினோரு மணிக்குக் கலெக்டர் ஆபீஸ்ல புயல் கூட்டம் இருக்கு. அங்க போயிடணும்னுதான் ரெண்டு நாளா பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"சரியான இடம்," என்றார் கிளோத். "ஒருத்தரிடம் சொன்னால் மூடிவிடலாம். அறுபது பேர் இருக்கிற அறையில் சொன்னால் மூட முடியாது."

அப்போதுதான் சின்னப்பாப்பாவின் போன் சிணுங்கியது. விஜயராகவன். ஒரே வரி. 'அங்கயே இருங்கம்மா, வந்துக்கிட்டே இருக்கேன்.'

அவள் கிளோத்திடம் போனை நீட்டினாள். "முசே... காலைலயே லொக்கேஷன் போட்டுட்டேன். அழுதானேன்னு போட்டேன். என்னைச் செருப்பால அடிங்க."

 முருகையன் கடப்பாரையை மறுபடி எடுத்தான்.

"எதுவும் சொல்லாதேன்னா காரணத்தையும் சொல்லணும்ல?" திடீரென்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயத் தொறந்தா முத்தா கொட்டிடும்?"

"தப்பு என்னுடையதுதான்," என்றார் கிளோத். நாலு வருஷத்தில் முதல் தடவை.  லொக்கேஷனை நிறுத்தப் போன அவள் விரலை அவர் பிடித்துக்கொண்டார். "நிறுத்தாதே. நிறுத்தினால் அவன் நேரே இங்கே வருவான். நாம் நகர்ந்தால் நம் பின்னால் வருவான். நிர்மலா, உங்கள் ஹெல்மெட்டும் துப்பட்டாவும் வேண்டும். நீங்கள் டேங்கரில் போங்கள். தன் சொந்த வண்டியை அவன் மறிக்க மாட்டான்."

"உள்ளயா?" நிர்மலாவின் முகம் வெளுத்தது. "சார், அதுக்குள்ள இருட்டு. சுட்டுப் பொசுக்குது. அன்னிக்கே செத்துட்டோம்னு நெனச்சேன். முன்சீட்ல ஒளிஞ்சுக்கறேனே?"

"மூடியைச் சாக்கு வச்சு லேசாத் தொறந்து வைக்கறேம்மா," என்றான் முருகையன். "ரோட்ட நான் பாத்துக்கறேன். பள்ளத்துல வுட மாட்டேன்."

நிர்மலா டேங்கரை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினாள்.

*

டவுனுக்குப் போகும் பெண்களில் பாதிப்பேர் வெயிலுக்கு முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டுதான் வண்டியில் போகிறார்கள். ஆகவே மஞ்சள் ஹெல்மெட், நீலத் துப்பட்டாவோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்த உருவத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடலூர் ரோட்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் ஒரு ஜீப் தெரிந்தது; முன்சீட்டில் ராஜவேல்.

"வந்துட்டான் முசே."

"வேகமாகப் போகாதே. அவன் நம்மைத் தொலைத்துவிடக் கூடாது."

"ஆத்தாடி, நல்ல வேண்டுதல்!"

அரியாங்குப்பம் பாலத்தில் ஜீப் நாலு வண்டிக்குப் பின்னால் இருந்தது. முருங்கப்பாக்கத்தில் இரண்டு. முதலியார்பேட்டை சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பழக்கடை எதிரில், உறுமிக்கொண்டு வந்து குறுக்கே நின்றது. பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டது. ராஜவேல் இறங்கினான். நேற்று அழுத அதே முகம். இப்போதும் கண் கலங்கித்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் சின்னப்பாப்பாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நிர்மலா!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டான். "என்ன கோவம் இருந்தாலும் வீட்ல பேசிக்கலாம். ஊர் பாக்க மானத்த வாங்காத. வந்து வண்டில ஏறு."

ஆள் கூடிவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. "புருஷன் பொண்டாட்டி சண்டைப்பா," என்று யாரோ சொன்னார்கள். பழக்கடை அம்மாள் கூட, "ஏம்மா, கூப்பிட வந்திருக்காரு இல்ல, போயிடும்மா," என்றாள்.

சின்னப்பாப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவன் புருஷன் என்று சொல்லிக்கொண்டது துப்பறிகிறவர்களை ஏமாற்ற மட்டுமல்ல. பின்சீட்டில் நிஜமாகவே நிர்மலா இருந்திருந்தால் இத்தனை பேர் கண் முன்னால் கையைப் பிடித்து இழுத்து ஜீப்பில் ஏற்றியிருப்பான். நாலு பேர் கதவைக் கூடத் திறந்து விட்டிருப்பார்கள்.

"அண்ணே, அவசரப்படாதீங்க," என்றாள். எவ்வளவு நேரம் பேச முடியுமோ அவ்வளவு நேரம் பேச வேண்டும். "அவங்க ரொம்ப பயந்து போயிருக்காங்க. ரெண்டு நாளா சரியா சாப்பிடல. ஒரு சோடா வாங்கிக் குடுத்துட்டு..."

"நீ நகரு."

"நகர்றேன், எங்க நகர்றது? முன்னாடி ஜீப்பு, பின்னாடி பஸ்ஸு. பறக்கவா சொல்றீங்க?"

பின்னாலிருந்து நீளமாக ஒரு ஹாரன். பஸ்ஸை ஒட்டி, பாதி ரோட்டில் மாட்டிக்கொண்டு நின்றது தண்ணீர் டேங்கர்.  உள்ளே அந்தப் பெண். பத்தரை மணி வெயில். டிராபிக் போலீஸ்காரர் விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தார். "யாருய்யா ஜீப்பு? எடுய்யா மொதல்ல! ரோடே அடைச்சுக்கிச்சு!"

ராஜவேல் திரும்பிப் பார்த்தான். தன் டேங்கர். தன் டிரைவர்.

"டேய் முருகையா! வேலை நேரத்துல டவுன்ல என்னடா பண்ற?"

"பம்பு ஜாம் ஆயிடுச்சுண்ணே. பட்டறைக்குப் போறேன்." முருகையனின் முகத்தில் வேர்வை வழிந்தது. கண்ணை ரோட்டை விட்டு எடுக்கவில்லை.

"ரெண்டு நாளா ரோடு காயுது, இவனுக்கு இப்பத்தான் பம்பு! போய்த் தொலை, சீக்கிரம் வா." ராஜவேல் ஜீப் டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினான். "வண்டிய ஓரம் கட்டுடா, இவன வுடு."

ஜீப் பின்வாங்கி ஓரமாக ஒதுங்கியது. டேங்கர் சின்னப்பாப்பாவின் தோளை உரசுகிற தூரத்தில் நகர்ந்து போனது. மேலே பார்க்கக்கூடாது என்று அவள் பழக்கடைச் சீப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிக்னல் பச்சையானது. டேங்கர் திரும்பி மறைந்தது.

"போதும் நாடகம்," என்று ராஜவேல் எட்டிப் பின்சீட்டு உருவத்தின் கையைப் பிடித்து இழுத்தான். இன்னொரு கையால் துப்பட்டாவை உருவினான். ஹெல்மெட்டும் கூடவே கழன்று விழுந்தது.

நரைத்த மீசையோடு கிளோத் அவனைப் பார்த்தார். "எத்தனை வருஷக் குடித்தனம் மிஸ்டர் ராஜவேல்? பெண்டாட்டியை அடையாளம் தெரியவில்லையா?"

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். ராஜவேல் சிரிக்கவில்லை. அவன் கண்ணீர் எங்கே போயிற்றோ, முகம் கல்லாகிவிட்டது. "எங்கடீ அவ?"

"இப்பத்தானே வழி வுட்டீங்க," என்றாள் சின்னப்பாப்பா.

அது அவனுக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. புரிந்ததும் ஜீப்பின் பக்கம் பாய்ந்தான். போக முடியவில்லை. சட்டைக் காலரைப் பழக்கடை அம்மாள் கொத்தாகப் பிடித்திருந்தாள். "யோவ், நில்லு! யாருக்கு யாருய்யா புருஷன்? என் வாயாலயே அந்தப் பொண்ண உங்கூடப் போகச் சொல்ல வச்சியே பாவி!" இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். போலீஸ்காரர் ஜீப் சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டார்.

சின்னப்பாப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பதினொன்றடிக்க ஐந்து நிமிஷம். பதினொன்று. பதினொன்று ஏழு. போன் அடித்தது.

"முருகையன் பேசறேன். அம்மா உள்ள பூந்துட்டாங்க. மூடியத் தொறந்தப்ப மயக்கமா கெடந்தாங்க, மூஞ்சில தண்ணி அடிச்சேன், எழுந்துட்டாங்க. உடம்பு பூரா துரு, கால்ல செருப்பு இல்ல, கேட்ல வுட மாட்டேன்னாங்க. ஓடைப்பாக்கம் ஏரிக்கரை ஒடையப் போவுதுன்னு ஒரு கத்து கத்துனாங்க பாரு, கதவெல்லாம் தொறந்துகிச்சு. மணல் மூட்டைக்கு ஆளு அனுப்பறாங்களாம். எங்கெங்க அடைக்கணும்னு காட்ட அம்மாவே வர்றாங்க, முன்சீட்ல. வெச்சிடறேன், வண்டி எடுக்கணும்."

அவள் கிளோத்திடம் அதைச் சொல்ல வாயைத் திறந்தாள்.  அழுகைதான் வந்தது. ஒரு வழியாகத் திக்கித் திணறி விஷயத்தைச் சொல்லி முடித்தாள். கிளோத் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். கழுத்தில் இன்னும் அந்த நீலத் துப்பட்டா தொங்கியது.

"பாப்பா, வண்டியை எடு. மூட்டை தூக்க ஆள் பத்தாது."